பிசைந்த சோறு

பஸ் டிரைவர் வீட்டு உரத்தொட்டியிலிருந்து மண்புழுக்கள் வெளியேறி வந்துகொண்டிருந்தன. தம்பி மனைவிக்குப் பொழுது போகட்டும் என்று அவற்றைக் கொடுத்திருந்த டிரைவரின் அக்கா, வந்து தொட்டியைக் கிளறிப் பார்த்தாள்.

“காய்த்தோல், டீத்தூள்தானே போடச் சொன்னேன்? உள்ள ஒரே சோறு. புளிச்சு நாறுது.”

“நாங்க ரெண்டே பேர்தான் அக்கா. மிச்சமே வைக்கறதில்லையே,” என்றான் டிரைவர்.

“இது மிச்சம் மாதிரி இல்லடா. குழம்பு எதுவும் படல. பால் விட்டுக் குழையப் பிசைஞ்ச சோறு.”

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்:

“நம்ம குழந்தைய மண்ணுலதானே வெச்சோம். அவனுக்குப் பசிக்காதா?”

கிளறிய மண்ணை அக்கா மெதுவாகத் தள்ளி மூடினாள்.