டாக்டரின் பொறுமை

"நான் ஏழு பெத்தேன். ஒண்ணுக்கும் கத்தி படல. நீ ஒத்தப் பிள்ளைக்கே வயித்தக் கிழிச்சிட்டு வந்து நிக்க."

மூன்று மாதமாக பிளாரன்ஸுக்கு இதே பேச்சுத்தான். மீன்பெட்டியைத் தூக்கினால் தையல் போட்ட இடம் மருமகள் அல்போன்சாவுக்குச் சுண்டி இழுக்கும். மகன் ரோச் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தான். வியாபாரச் சுமை முழுக்க பிளாரன்ஸின் தலையில்.

மூன்று மாதத்துக்கு முன், மாதா கோயில் திருவிழா அன்று காலையில்தான் அல்போன்சாவுக்கு வலி கண்டது. பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, இன்னும் பொறுக்கலாம் என்று மதியம் நர்ஸ் ஜெபகனி சொன்னாள். சாயங்காலம் டாக்டர் கிளாட்வின் பட்டு ஜிப்பாவோடு வந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

"தெம்பில்லாத பொண்ணு. ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும்" என்றார்.

பிள்ளையை எடுத்த கையோடு போய் மாதா சப்பரத்துக்குத் தோள் கொடுத்தார். பேரனைக் காப்பாற்றித் தந்த மாதாவுக்கு நன்றி சொல்லத்தான் அப்படி ஓடினார் என்று தெருவெல்லாம் சொல்லி மாய்ந்துபோனாள் பிளாரன்ஸ். தெம்பில்லாத மருமகள் மேல்தான் அவளுக்கு ஆத்திரம்.

இன்றைக்கு நல்ல சீலா மீன் கிடைத்தது. டாக்டருக்கென்று ஒன்றை எடுத்து வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அங்கே டாக்டரின் மகளே பிரசவத்துக்கு வந்திருந்தாள். வராந்தாவில் டாக்டர் ஜெபமாலையோடு உட்கார்ந்திருக்க, ஜெபகனி உள்ளிருந்து வந்தாள்.

"நேத்துப் பிடிச்ச வலி, டாக்டர். பிள்ளைத் துடிப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க மக வலி தாங்கமாட்டாம அழுகா. தியேட்டரை ரெடி பண்ணட்டா?"

"துடிப்பு நல்லாருக்குல்லா, பிறகென்ன? தலைச்சன்னா நேரம் ஆகத்தான் செய்யும். இப்ப கத்தி வச்சிட்டா அடுத்ததுக்கும் கத்திதான். எவ்வளவு நேரமானாலும் பொறுத்துப் பாப்போம்."

பிளாரன்ஸ் அப்படியே நின்றுவிட்டாள். மருமகளைப் பேசிய பேச்செல்லாம் மீன் முள்ளாய் அவள் தொண்டையிலேயே குத்தியது. கையிலிருந்த சீலாவைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "என்ன பிளாரன்ஸ், மீன் கொண்டாந்தியா?" என்றார்.

அவள் பெட்டியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள்.

"இன்னைக்கு உங்களுக்குச் சப்பரம் எதுவும் தூக்க வேண்டாமோ, டாக்டரய்யா?"