மாப்பிள்ளை வீட்டாருக்கு வைத்த குளிர்

நோபல் பார்க் புறநகரில் ஏசி வைத்த கார் வாங்கிய முதல் தமிழர் இரத்தினசிங்கம். அந்த ஏசியை ஒரு நாள்கூடப் போடாத மனிதரும் அவர்தான்.

பெப்ரவரியில் மகள் யோகாவைப் பெண் பார்க்க சிட்னியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். விமான நிலையத்திலிருந்து அவர்களைக் குளுகுளுவென்று கொண்டுவந்து இறக்கிவிட்டால் சம்பந்தம் பாதி முடிந்த மாதிரி என்று அவருக்கு நம்பிக்கை. அதுவரை அந்தக் குளிரில் ஒரு துளியும் வீணாகக் கூடாது.

“அங்கிள், கிழமைக்கு ஒருக்காலாவது ஏசியை ஓட விடுங்கோ. சும்மா கிடந்தா சீல் காய்ஞ்சு காஸ் எல்லாம் போயிடும்” என்று மெக்கானிக் சிறி படித்துப் படித்துச் சொன்னான்.

“ஓமோம்” என்று தலையாட்டியவர், வீட்டுக்கு வந்து மனைவி சிவனேஸ்வரியிடம் பொரிந்து தள்ளினார். “போடாட்டிப் பழுதாப் போகுமாம்! ஆருக்குக் காது குத்துறான்?”

1977 ஜனவரியில் வெயில் நாற்பதைத் தாண்டியது. திருட்டும் அப்போதுதான் ஆரம்பமானது.

ரயிலில் வேலைக்குப் போய்வரும் இரத்தினசிங்கம், தினமும் மாலையில் காரின் உறையை விலக்கிப் பார்ப்பார். மைல் மீட்டர் அசைந்திருக்காது. சாவி சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தபடியே இருக்கும். பெற்றோல் முள் மட்டும் இறங்கியிருக்கும். எவனோ குழாய் விட்டு உறிஞ்சுகிறான்! பெற்றோல் மூடிக்குப் பூட்டு வாங்கிப் போட்டார். முள் அப்படியும் இறங்கியது.

புதன்கிழமை வேலைக்குப் போவதுபோலப் புறப்பட்டு, தெருமுனை டெலிபோன் கூண்டுக்குள் ஒளிந்துகொண்டார். கூண்டு அவரை இட்லி மாதிரி அவித்தது. பன்னிரண்டரைக்கு அவர் வீட்டு வேலிச்செடிக்குப் பின்னால் கார் உறுமும் சத்தம் கேட்டது. ஓடிப்போய் எட்டிப் பார்த்தார். உறை தரையில் கிடந்தது. கார்க் கண்ணாடிகளை உள்ளேயிருந்து துணியால் மறைத்திருந்தார்கள். உள்ளே இரண்டு பேச்சுக்குரல்கள். கும்பல்!

கார் போகப்போகிறது, அதோடு சம்பந்தமும். வீட்டில் மனைவி தனியாக இருப்பது அதற்குப் பிறகுதான் அவர் நினைவுக்கு வந்தது. கூண்டுக்குத் திரும்பி ஓடி, பொலிசுக்கு டயல் செய்தார்.

வெந்து சிவந்த முகத்தோடு ஒரு கான்ஸ்டபிள் வந்து இறங்கினார். அவர் முதுகுக்குப் பின்னால் பதுங்கியபடி இரத்தினசிங்கமும் போனார். கான்ஸ்டபிள் காரின் பின்கதவைச் சட்டென்று இழுத்துத் திறந்தார்.

சிவனேஸ்வரி காலை நீட்டி உட்கார்ந்து போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அடுத்த வீட்டு வேதவல்லி.

“இஞ்சேர், என்ன வேலை இது!” இரத்தினசிங்கத்துக்கு மூச்சு வாங்கியது.

“ஓட விடாட்டிப் பழுதாப் போகும் எண்டு சிறி சொன்னவன்தானே? நீங்கள் செய்யேல்லை, நான் செய்யிறன்.”

“டெய்லி ஒரு மணி நேரந்தான் அண்ணா” என்றாள் வேதவல்லி பணிவாக.

“முதல்ல கதவைச் சாத்துங்கோ, குளிர் போகுது!” என்றாள் சிவனேஸ்வரி.

இரத்தினசிங்கம் கதவைச் சாத்தினார். அவமானத்தில் உடம்பு குறுக, மன்னிப்புக் கேட்கலாமென்று கான்ஸ்டபிள் பக்கம் திரும்பினார்.

கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, அதே காரின் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தியிருந்தார்.