கடை சாத்தியிருந்தால் கூப்பிடவும்

பலூன்காரரைப் போட்டுக் கொடுத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பத்திரிகையில் வாராவாரம் ஒரு சித்திரக்கதை வருகிறது. படம் வெளிநாட்டுக்காரர்களுடையது, தமிழ் எங்களுடையது. பனிநாட்டில் அந்தக் காலத்தில் கும்பிட்ட நார்ஸ் கடவுள் ஒருத்தர், இப்போது மனுஷனாக ஒரு சந்தில் கடிகார ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். போர்க்கொம்பு ஊதினால் போதும், கழற்றிய கடிகாரத்தை அப்படியே போட்டுவிட்டு, கோடரியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போய்விடுவார். பாவம், இதுவரை ஒரு கடிகாரத்தையும் முழுசாக முடித்ததில்லை.

படத்தில் பேச்சு வரும் பலூன் வட்டங்களுக்குள்ளும் போர்டுகளிலும் கையால் தமிழ் எழுதுகிறவர்தான் பலூன்காரர். ஐம்பத்தெட்டு வயது. வீட்டிலேயே எழுதி, வெள்ளிக்கிழமை கொண்டுவருவார். கொடுப்பார், போவார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று நாங்கள் கேலி செய்வோம்.

நான் புரூஃப் பார்க்கிறவன். ஒரு பிழையாவது கண்டுபிடித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

கடவுளின் கடைக்கதவில் ஒரு போர்டு தொங்கும். ‘கடை சாத்தியிருந்தால் கூப்பிடவும்’ என்று எழுதி, கீழே ஒரு போன் நம்பர். நாலு மாதமாக ஒரே நம்பர். சும்மா கிடக்காமல் ஒருநாள் சாயங்காலம் கூப்பிட்டுப் பார்த்தேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

“கடைக்காரர் சண்டைக்குப் போயிருக்கார். நான் பக்கத்துக் கடை. வந்ததும் சொல்றேன். நீங்க சாப்பிட்டீங்களா?”

பலூன்காரரின் குரல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எங்களோடு ஒரு வார்த்தை பேசாத மனுஷன், பத்திரிகையில் சொந்த நம்பரைப் போட்டு ஊரோடு அரட்டை அடிக்கிறார். ஆபீசிலிருந்து யாரும் அவரை போனில் கூப்பிட்டதே இல்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. இது வாசகரை ஏமாற்றுகிற வேலை இல்லையா? மறுநாள் காலையில் முதல் வேலையாக அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

அம்மா என்றால் எங்கள் ஆசிரியர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒரு கால்புள்ளி தவறினாலும் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். மத்தியானம் ஒரு மணிக்கு அறைக்கதவைச் சாத்தினால் பத்து நிமிஷம் யாரும் தட்டக்கூடாது. ஆபீசே பற்றி எரிந்தாலும் ஒன்று பத்துக்குத்தான் சொல்ல முடியும்.

போர்டில் இருப்பது பலூன்காரரின் வீட்டு நம்பர் என்று மட்டும் சொன்னேன். சண்டை, பக்கத்துக் கடை எல்லாம் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

“வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “சொல்லாதீங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை பலூன்காரர் வந்ததும் அம்மா உள்ளே கூப்பிட்டார். அறைக்கு மரத்தடுப்புதான், மேலே திறந்திருக்கும். என் மேஜை அதை ஒட்டியே இருக்கிறது. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பலூன்காரர் மறுக்கவில்லை. முதல் வாரம் அவசரத்தில், மனசுக்கு வந்த ஒரே நம்பரை எழுதிவிட்டாராம். மனைவி தவறிப்போன பிறகு அந்த போன் அடித்ததே கிடையாதாம். இதழ் வந்த மறுநாள் அது அடித்தபோது, வேறு யார் வீட்டிலோ அடிக்கிறது என்று இவர் எழுந்திருக்கக்கூட இல்லையாம்.

“அப்புறம் தினம் ரெண்டு மூணு பேர் மேடம். கடவுள் எப்ப வருவார்னு கேப்பாங்க. பாதிப் பேருக்கு அது கதைன்னு தெரியும். தெரிஞ்சேதான் கேக்கறாங்க. ஒருத்தங்க பேசவே மாட்டாங்க. நான் சொல்றதைக் கேட்டுட்டு வச்சிருவாங்க. அவங்க கூப்பிடற நேரத்துல நான் வீட்டை விட்டு வெளியேகூடப் போறதில்லை.”

அவர் வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். எனக்கு உள்ளுக்குள் உறுத்த ஆரம்பித்தது. நமக்கெதற்கு இந்த வேண்டாத வேலை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பலூன்காரர் மெதுவாகச் சொன்னார். “என்னை நிறுத்தணும்னா நிறுத்திடுங்க மேடம். வேற யாரு எழுதினாலும், போர்டுல அந்த நம்பர் மட்டும் இருக்கட்டும். அந்த போன் அடிக்கலைன்னா எனக்குப் பேச ஒரு ஆள் கிடையாது.”

பக்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பேனா மூடியைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. அம்மாவின் சிவப்பு மை பட்ட எதுவும் அச்சில் பிழைத்ததில்லை.

“நம்பர்ல மூணாவது எண் ஆறா எட்டான்னு தெரியலை. வாசகர் குழம்புவாங்க. தெளிவா எழுதுங்க” என்றார் அம்மா.

பலூன்காரருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

பேனாவை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, இத்தனை வருஷத்தில் நான் கேட்டே இராத ஒரு குரலில் அம்மா சொன்னார்.

“இன்னொண்ணு. தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு கடைக்காரர் சண்டையிலதான் இருக்கணுமா? ஒருநாளாவது, கடையில இருக்கார், பேசுங்கன்னு சொல்லக்கூடாதா?”