காலரில் இருந்த மூன்று எழுத்து

"நேத்து ரெண்டாவது ஸ்டேஜை முடிச்சுட்டேன், கேட்டியா? மூணாவதுல குறுக்கே ஒரு தட்டுக்கப்பல் வந்துச்சு பாரு, பொட்டுனு போயிட்டேன்!"

ஈர வேட்டியை உதறிக் கயிற்றில் போட்டபடியே சொன்னான் சங்கிலிப்பாண்டி.

மட்டாஞ்சேரி சலவைத்துறையில் ஒரு மாதமாக இதே பேச்சுதான். துபாயிலிருந்து திரும்பிய சுலைமான் இக்கா, கடைவீதியில் வீடியோ கேம் கடை திறந்திருந்தார். இருந்தது ஒரே மிஷின். காசு போட்டால் ஆகாயத்திலிருந்து வரிசை வரிசையாகக் கப்பல் இறங்கும், சுட்டுத் தள்ள வேண்டும்.

"பிச்சைமணி, நீயும் போறியே. எந்த ஸ்டேஜ் வரைக்கும் போனே?"

"ஏதோ போறேன்" என்று பிச்சைமணி இஸ்திரிப் பெட்டியை ஊதினான். அவன் வாயிலிருந்து ஒரு விஷயத்தைப் பிடுங்குவதற்குள் ஒரு மூட்டைத் துணி வெளுத்துவிடலாம்.

"அந்தத் தட்டுக்கப்பலை ஜெயிச்சவன் ஒருத்தன்தான் இருக்கான். லிஸ்ட்டுல மேல நிக்கிறானே, ஏ-என்-எக்ஸ்னு..."

நிறைய பாயிண்ட் எடுத்தவர் மூன்று இங்கிலீஷ் எழுத்தைத் தன் பேராகப் பதித்துக்கொள்ளலாம். கரண்ட் போனால் அந்த லிஸ்ட் அழிந்துவிடும். மட்டாஞ்சேரியில் கரண்ட் போகாத நாள் ஏது? ஆனால் அந்த வாரம் என்ன அதிசயமோ, நாலு நாளாகப் போகவே இல்லை. நாலு நாளும் ஏ-என்-எக்ஸ்தான் முதலிடம்.

திடீரென்று சங்கிலிப்பாண்டியின் கண், பிச்சைமணி மடித்துக்கொண்டிருந்த சட்டையின் காலரில் குத்திட்டு நின்றது. உள்பக்கம் அழியாத மையில் சலவைக் குறி. ஏ-என்-எக்ஸ்!

"டேய்! இது அனந்தநாராயணன் மாஷ் சட்டைதானே?"

பிச்சைமணி காலரை அவசரமாக உள்ளே மடித்தான். ஏ-என் என்ற குறி ஏற்கெனவே வேறொரு வீட்டுக்கு இருந்ததால், மாஷ் வீட்டுக்காக அவனேதான் கடைசியில் ஒரு எக்ஸைச் சேர்த்திருந்தான். கொச்சி முழுக்கத் தேடினாலும் அந்தக் குறி இன்னொருவருக்குக் கிடையாது.

மாஷ் யார் தெரியுமா? கணக்கு வாத்தியார். "வீடியோ கேம் கடையை மூட வேண்டும்" என்று ஒரு மாதமாக வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்குகிறவர்!

"நம்மகிட்டயும் வாங்கிட்டுப் போனாரே! இன்னிக்கு இருக்கு அவருக்கு!" சட்டையைப் பறித்துக்கொண்டு கிளம்பினான் சங்கிலிப்பாண்டி. பிச்சைமணியும் பின்னாலேயே ஓடினான்.

கடையில் மாஷே நின்றிருந்தார், கையில் மகஜரோடு.

"நாளைக்கு இது கார்ப்பரேஷனுக்குப் போறது, சுலைமான். குழந்தைகளைக் கெடுக்கற எடமாக்கும் இது. ஒரு தடவை கை வெச்சா விடவே மாட்டேங்கறது!"

"விடாதுன்னு மாஷுக்கு எப்படித் தெரியும்?" என்று உள்ளே நுழைந்த சங்கிலிப்பாண்டி, காலரை மிஷின் திரையில் இருந்த லிஸ்ட்டுக்குப் பக்கத்தில் பிடித்தான். "எல்லாரும் பாருங்க! ரெண்டும் ஒண்ணுதானே?"

கூட்டம் பார்த்தது. கொல்லென்று சிரித்தது.

"என்டெ பொன்னு மாஷே!" சுலைமான் இக்கா வாயைப் பிளந்தார். "மதியம் நான் சாப்பிடப் போற நேரத்துலதான் யாரோ வந்து ஆடறான். அப்போ கடையைப் பாத்துக்கிற என் மாமாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. அது நீங்களா?"

மாஷின் முகம் வெளுத்துவிட்டது. இருபத்தாறு வருஷமாகச் சம்பாதித்த மரியாதை. நாளைக்குக் காலையில் அவர் வகுப்பில் போய் நிற்க வேண்டும். கையிலிருந்த மகஜரைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். பாவமாக இருந்தது.

"அது நான்தான்" என்று ஒரு குரல்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிச்சைமணி முன்னால் வந்தான்.

"எனக்கு இங்கிலீஷ் ஏது? காலர்ல போடுற குறிதான் தெரியும். கை பழகின குறி இதுதான், அதையே போட்டுட்டேன். மாஷ் மன்னிக்கணும்."

"நீயா?" சங்கிலிப்பாண்டி அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். "கள்ளன்! வாயே திறக்கலையே! எடு, எல்லாருக்கும் சாயா வாங்கு! அந்தத் தட்டுக்கப்பலை எப்படி அடிச்சே, சொல்லு!"

"நாளைக்குச் சொல்றேன்."

மாஷுக்கு மூச்சு திரும்பியது. கூடவே வாத்தியார் குரலும் திரும்பியது. "என் வீட்டுக் குறியைக் கண்ட எடத்துலயும் போடறதாடா? ஜாக்கிரதை!" என்று அதட்டிவிட்டு விறுவிறுவென்று வெளியேறினார்.

சட்டையை வாங்கி மடித்துக்கொண்டு, சந்து முனையில் அவரைப் பிடித்தான் பிச்சைமணி.

"மாஷே, சட்டை."

வாங்கிக்கொண்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இன்னொரு விஷயம் மாஷே. நாளைக்கு எல்லாரும் என்னைப் பிடிச்சு உலுக்கப்போறாங்க. நான் இதுவரைக்கும் ஒண்ணாவது ஸ்டேஜே தாண்டினதில்லை. அந்தத் தட்டுக்கப்பலை எப்படி அடிக்கணும்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

மாஷ் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மகஜரைத் திருப்பி, சுவரில் வைத்து, அதன் முதுகில் ஒரு கோடு போட்டார்.

"கிட்ட வா. தட்டு எப்பவும் எடது பக்கத்துலேந்துதான் வரும். நீ வலது ஓரத்துல பதுங்கிண்டு நிக்கணும், கேட்டியா..."