இலைப்பச்சைச் சால்வை

அண்ணி கொடுத்தனுப்பிய பிறந்தநாள் சால்வையின் கடைசி முடிச்சைக் கத்தரியால் வெட்டிவிட்டு அவள் நூலை இழுத்தாள். சரசரவென்று பிரிந்தது.

பிரிவதற்கு மட்டும் நல்ல சால்வை.

இதற்கும் ஒரு காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி, காலையில் அண்ணன் கையில் கொடுத்தனுப்பத் தனித் துணிச்சல் வேண்டும். வரிசைக்கு ஒரு கண்ணி விட்டுப்போய், போர்வை அகலத்தில் தொடங்கியது கைக்குட்டை அகலத்தில் முடிந்திருந்தது.

நூல் தீர்ந்த இடத்திலெல்லாம் முடிச்சு. மாட்டைக் கட்டுகிற முடிச்சு! அவளுடைய சனிக்கிழமை குரோஷே பின்னல் வகுப்பில் முடிச்சுப் போடுகிறவர்களுக்கு இடமே கிடையாது. இரண்டு முனைகளையும் சேர்த்துவைத்து, அதே நிறத் தையல் நூலால் நெருக்கமாகச் சுற்றிவிடுவாள். தடவினாலும் தெரியாது.

நிறத்திலும் காப்பி. போன வருடம் அவள் அண்ணிக்குப் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரின் அதே இலைப்பச்சை. சொந்தமாக ஒரு நிறம் பார்த்து வாங்கக்கூடவா தெரியாது?

அந்த ஸ்வெட்டர்! நான்கு மாத உழைப்பு, கழுத்து வலி வேறு. அதற்குப் பிறகு அப்படி ஒன்று அவள் கைக்கே அமையவில்லை. வகுப்புக்கு வருகிறவர்களுக்கு முதலில் அதன் படத்தைத்தான் காட்டுவாள். அண்ணி அதைப் போட்டுத்தான் ஒருநாளும் பார்த்ததில்லை. எப்போது கேட்டாலும் ஒரே பதில்.

"ஐயோ, அதையா? பத்திரமா பீரோல வச்சிருக்கேன்மா. சும்மா சும்மா போட்டா வீணாயிடும்ல."

அந்த ஒரு விஷயத்திலாவது அண்ணிக்கு அருமை தெரிகிறதே என்று விட்டிருந்தாள்.

நூல் சுருள் சுருளாக வந்தது. அவ்வளவு இறுக்கமான கை, மனசு மாதிரியே. அவள் உருண்டையாகச் சுற்றிக்கொண்டே போனாள். நூல் என்னவோ நல்ல நூல்தான். உருப்படியாக ஒரு தொப்பியாவது பின்னிக்கொள்ளலாம்.

பாதிக்கு மேல் பிரிந்தபோது கண்ணில் ஊதாவாக ஏதோ பட்டது.

முடிச்சு இல்லை. இரண்டு முனைகள் சேர்த்துவைத்து, மேலே நெருக்கமாகத் தையல் நூல் சுற்றியிருந்தது. ஊதா நூல்.

அன்றைக்கு வீட்டில் பச்சைத் தையல் நூல் இல்லை. கடைக்குப் போகச் சோம்பல்பட்டு ஊதாவைச் சுற்றி, யார் கண்ணுக்கும் படாமல் ஸ்வெட்டரின் அக்குளில் மறைத்தது அவள்தான்.

தூக்கிவாரிப் போட்டது. நான்கு மாதம்! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் விடக்கூடாது என்று எழுந்தாள். மடியிலிருந்த உருண்டை கீழே விழுந்து ஓடியது. மேசைமேல் கால்வாசிச் சால்வைதான் மிச்சம். எதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்பது?

போன் அடித்தது. அண்ணிதான். சால்வையைப் போட்டுப் பார்த்தாயா, பிடித்திருக்கிறதா என்று கேட்டாள்.

அவள் குனிந்து உருண்டையை எடுத்தாள்.

"பத்திரமா பீரோல வச்சிருக்கேன் அண்ணி."