அண்ணாச்சி கேட்ட நாடு

"எதுக்கெடுத்தாலும் கூடாதுன்னு சொல்லுத நாடு எது சார்வாள்? அதை எனக்குக் கொடுங்க."

ரேஷன் கடை வீரபாகு அண்ணாச்சி காலையிலேயே பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று இப்படிக் கேட்டதும், தேவபிரசாதம் சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடேயப்பா, ரேஷன் கடை வரைக்கும் உலக அறிவு பரவிவிட்டதே!

யுத்தம் முடிந்து, ஐக்கிய நாடுகள் சபை பிறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அது என்ன சபை, என்ன செய்கிறது என்று ஜனங்களுக்கு விளங்க வைக்க அகில இந்திய உலகநாட்டு விளக்கச் சங்கம் என்று ஒன்று. தூத்துக்குடிக் கிளைக்குச் செயலாளர் நம் சார்தான். தொண்டை கிழியப் பேசுவார். கேட்க வருகிறவர்கள் நாலு பேர். அந்த நாலு பேரும், கூட்டம் முடிந்ததும் சார் வாய் சும்மா இருக்காமல் "வாங்க, வீட்ல ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்பாரே, அதற்காக வருகிறவர்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

இன்றைக்கு மெட்ராஸ் தலைமைச் சங்கத்து அதிகாரி பார்வையிட வருகிறார். கிளை உருப்படியாய் ஒன்றும் செய்யவில்லையென்றால் இழுத்து மூடிவிடுவார்கள். அதனால்தான் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபையையே, ஊர்க்காரர்கள் பதினொரு பேரை ஆளுக்கொரு நாடாக உட்கார வைத்து, பள்ளிக்கூட ஹாலில் நடத்திக் காட்ட ஏற்பாடு.

"அது ரஷ்யா அண்ணாச்சி. பெரிய நாடு அஞ்சு. அதுல ஒருத்தர் கூடாதுன்னுட்டா, மத்தவங்க தலைகீழா நின்னாலும் தீர்மானம் நிறைவேறாது. அதுக்குப் பேரு வீட்டோ."

"எத்தனை தடவ சொல்லலாம்?"

"இஷ்டத்துக்குச் சொல்லலாம்."

"அப்ப சரி" என்று அண்ணாச்சி ஹாலுக்குள் போய் ரஷ்ய நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் சபை கூடியது. சார் தலைவர். தோணி முதலாளி மரியான், பிரான்ஸ். உப்பளக் கணக்கப்பிள்ளை தாணுலிங்கம், எகிப்து. மெட்ராஸ்காரர் முன்வரிசையில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

சார் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "உலகத்தில் இனி யுத்தமே கூடாது. இது முதல் தீர்மானம்."

பத்துக் கை உயர்ந்தது.

"நான் ஒத்துக்கிட மாட்டேன்" என்றார் வீரபாகு அண்ணாச்சி.

சாருக்குத் திக்கென்றது. சரி, முதல் தடவை, ஆசைக்குச் சொல்லிப் பார்க்கிறார் என்று விட்டுவிட்டார்.

தாணுலிங்கம் எழுந்தார். "ரொம்பப் புழுங்குது. ஆளுக்கொரு கோலி சோடா வேணும்னு எகிப்து கேக்குது."

"கூடாது."

"ஏம் ஓய், காசு நான் போடுதேன், உமக்கென்ன கேடு?" என்றார் மரியான்.

"பிரான்ஸ் காசுன்னாலும் கூடாது."

சார் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "தூத்துக்குடியில் உப்பு விளைகிறது. இதையாவது எல்லாரும் ஒப்புக்கொள்வோமே அண்ணாச்சி?"

"உப்பு விளையட்டும். தீர்மானம் கூடாது."

மரியான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தார். "அப்ப நீரு மூச்சு விடுததுக்கு நான் வீட்டோ போடுதேன் ஓய்!"

ஹால் முழுக்க ஒரே கூச்சல். மெட்ராஸ்காரர் குனிந்த தலை நிமிராமல் எழுதித் தள்ளினார். போச்சு, கிளை போச்சு என்று நினைத்தார் சார். ஒரே ஒரு தீர்மானம் நிறைவேறினாலும் மானம் மிஞ்சும். மனுஷனாய்ப் பிறந்த எவனும் வேண்டாமென்று சொல்லாத தீர்மானம் எது? சாருக்குச் சட்டென்று பிடிபட்டது.

"சபையோர் அத்தனை பேரும், மெட்ராஸ் ஐயாவும் சேர்த்து, இன்னைக்கு ராத்திரி எங்க வீட்லதான் சாப்பிடணும். இது தலைவர் தீர்மானம்!"

பத்துக் கையும் விருட்டென்று உயர்ந்தது. மெட்ராஸ்காரர் கூட, தான் பார்வையாளர் என்பதை மறந்து பேனாவோடு கையைத் தூக்கிவிட்டார்.

"கூடாது!" அண்ணாச்சி மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். "கூடாதுன்னா கூடாது!"

"அடப் பாவி மனுஷா, சோத்துலயுமா மண்ணள்ளிப் போடுவீரு!" என்று அலறினார் மரியான்.

"ரஷ்யா சொன்னா சொன்னதுதான்." அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடையைத் திறக்கப் போய்விட்டார்.

மெட்ராஸ்காரர் எழுந்து வந்து சாரின் கையைப் பிடித்தார். சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"எத்தனையோ கிளை பார்த்துட்டேன் சார். எல்லா இடத்திலயும் தீர்மானமா நிறைவேத்தித் தள்ளுறாங்க. நிஜ சபை எப்படி நடக்குதுன்னு அச்சு அசலாக் காட்டினது உங்க கிளை ஒண்ணுதான்! நல்லா நடத்துங்க" என்று குலுக்கிவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார்.

கிளை பிழைத்தது. ஆனால் சாருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாய் மனைவி ஜெபசெல்வியிடம் பொரிந்து தள்ளினார்.

"விருந்தாளியச் சாப்பிடக் கூப்பிடுதேன், அதுக்கும் குறுக்க நிக்கான்! அவனும் ஒரு மனுஷனா?"

ஜெபசெல்வி தட்டில் அவித்த மரச்சீனிக் கிழங்கை எடுத்து வைத்தாள்.

"சோறு எங்க?"

"அரிசி நேத்தோட தீந்துட்டு. காலையில கடைக்குப் போனேன், மூட்டை இன்னும் வரலன்னாக அண்ணாச்சி. இன்னைக்குக் கூட்டம், இவுக வழக்கம்போல ஊரையே சாப்பிடக் கூப்பிட்டுருவாகளேன்னு அங்கனயே அழுதுட்டேன். 'போ தங்கச்சி, நான் பாத்துக்கிடுதேன்'னாக."

சார் கையில் எடுத்த கிழங்கு அப்படியே நின்றது. அதைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"சரி, சாப்பாட்டைத் தடுத்தாரு. சோடாவை எதுக்குத் தடுக்கணும்? உலக சமாதானத்தை எதுக்குத் தடுக்கணும்?"

"அதையும் கடைக்குப் போற வழியில அண்ணாச்சி சொல்லிட்டுத்தான் போனாக. சோத்தை மட்டும் தடுத்தா, சார்வாள் வீட்டுல அரிசி இல்லன்னு ஊருக்குத் தெரிஞ்சு போயிருமாம்."