பொரியின் கழுத்துப்பட்டை

இறால் தின்று வளர்ப்புப் பூனை பொரியின் சின்ன முகம் வீங்கிய அன்று, அதன் ஸ்மார்ட் கழுத்துப்பட்டை போனுக்கு அனுப்பிய அலர்ஜி எச்சரிக்கையைப் பார்த்து, டொராண்டோவிலிருந்து மகன் நேசன் அரை நிமிடத்தில் கூப்பிட்டான். அதோடு சரி. நாலு மாதமாகப் பேச்சே இல்லை.

இன்று எஸ்தர் அந்தப் பட்டையைக் கழற்றித் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். அளவெடுத்தது போல் இருந்தது. பொரி சோபாவில் சுகமாகக் குறட்டை விட்டது. அவளுக்கு அழுகை முட்டியதும் பட்டை சிவப்பாக எரிந்தது. உடனே போன் அடித்தது.

“அம்மா, பொரிக்கு மூச்சு வாங்குதா?”

“வாங்குதுப்பா.”

“கண்ணெல்லாம் வீங்கிருக்கா?”

எஸ்தர் கண்ணாடியைப் பார்த்தாள். “வீங்கித்தான் இருக்கு.”

“மருந்தக் குடுத்துட்டுப் பக்கத்துலயே இரும்மா. இந்த மாதிரி நேரத்துல தனியா மட்டும் விட்டுறக் கூடாது” என்று சொல்லிவிட்டு, அவன் போனை வைத்தான்.